நாண் கன்னத்தில் இருக்கும் வரை

இழுத்துவிட்டேன், அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நாண் கன்னத்தில் அழுந்திக்கொண்டிருந்தது, மூன்று விரல்களும் கழன்று விழப்போவதுபோல் எரிந்தன, வில்லைப் பிடித்த இடது கை காற்றில் மாட்டிய தகரம் மாதிரி ஆடியது, பக்கத்தில் நின்ற ஜெசிந்தா அக்கா என்னைத் திட்டுவதற்காகத் திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருந்தாள், ஏனென்றால் ஊரில் சத்தம் இல்லை.

தறிகள் நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மைதானத்துக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைவேலு முதலாளியின் கொட்டகை, அதன் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நூல் சுமந்த நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது, பலகை வந்து அடித்தது, துணி ஊர்ந்தது, பஞ்சுத்தூசி பறந்தது, எல்லாம் எப்போதும்போல நடந்தது, சத்தம் மட்டும் அதிலிருந்து கழன்று எங்கோ போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ ஈரத் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டே போவது மாதிரி, இழுத்துத் தீராத மாதிரி.

"ஆறுடா," என்றாள் ஜெசிந்தா அக்கா. "ஆறு கேக்குது."

எங்கள் ஊர் காவிரிக்கரையில்தான் இருக்கிறது. குளிக்கிறோம், துணி துவைக்கிறோம், சாம்பல் கரைக்கிறோம். ஆனால் அதற்குச் சத்தம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விரல் வழுக்கியது. அம்பு இலக்குக்கு மேலே பறந்து பழைய சுவரில் மோதி விழுந்தது. கூரை இடிந்து தலையில் இறங்கியது மாதிரி தறிச்சத்தம் திரும்ப வந்தது.

"என்னடா பண்ணுன?"

"வில்ல இழுத்தேன்."

"இன்னொருக்கா இழு."

இழுத்தேன். நின்றது. விட்டேன். வந்தது. அக்கா அந்த வில்லை வாங்கித் தானே இழுத்துப் பார்த்தாள். தறி அடித்துக்கொண்டே இருந்தது. திருப்பி என் கையில் கொடுத்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு இந்த வில்லு வேண்டாம்," என்றாள். அவள் முதலில் சொன்னதும் அதுதான், கடைசியில் சொன்னதும் அதுதான்.

நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன். ஏன் என்று கேட்டால், பிடிக்கவில்லை. அதற்குமேல் காரணம் இல்லை, இருக்கிற மாதிரி நடிக்கவும் வராது. என் அப்பா அங்கமுத்து அதற்காக என்னைத் திட்டியது தெரு முழுக்கக் கேட்டது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை. தறி ஓட்டி ஓட்டி அவர் காது போய்ப் பல வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் அது பெரிய விஷயம் இல்லை, முடி நரைப்பது மாதிரி. கொட்டகைக்குள் எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள், வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். கரண்ட் போனால் தறி நிற்கும், அடுத்த நொடியே ஜெனரேட்டர்கள் அலற ஆரம்பிக்கும். ஆனால் காதுக்குள் ஒரு தறி ஓடுகிறதே, அதற்கு ஸ்விட்ச் கிடையாது. முப்பது தாண்டிய யாரைக் கேட்டாலும், தூங்கும்போதும் அது ஓடுகிறது என்பார்கள்.

வில் விடுகிறவர்களுக்கு ரயில்வேயில் வேலை தருகிறார்கள் என்று டீக்கடையில் யாரோ அப்பாவிடம் கையை ஆட்டிச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு வந்து, மூடிக் கிடந்த சாயப்பட்டறை மைதானத்தில் ஜெசிந்தா அக்காவிடம் விட்டார். அவள் என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவள், மாவட்ட அளவில் மெடல் வாங்கியவள், மரத்திலும் மூங்கிலிலும் செய்த பழைய முறை வில்தான் கற்றுத்தருவாள். அந்த மைதானத்தின் மண் இன்னும் ஊதாவாக இருக்கும். மழை பெய்தால் செருப்பும் ஊதா ஆகிவிடும்.

புதிதாக வருபவன் முதலில் ஒரு வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச நாள் எல்லா வில்லையும் இழுத்துப் பார்க்கலாம், பிறகு தன் வீட்டார் ஓட்டும் தறியிலிருந்து ஒரு முழம் நூல் கொண்டுவந்து தனக்கான வில்லின் கைப்பிடியில் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அந்த வில் அவனுடையது, அவன் அந்த வில்லுடையவன், மற்றதைத் தொடக்கூடாது. "உடம்பு ஒரு வில்லத்தான் ஞாபகம் வெச்சுக்கும்," என்பாள் அக்கா. "ரெண்டு வில்லு பழகுனா ரெண்டும் போயிரும்."

எனக்கு அவள் எடுத்துக் கொடுத்தது இருபது பவுண்டு இழுவிசை உள்ள மூங்கில் வில். பொம்மை மாதிரி இருந்தது. அதை வைத்துவிட்டு ஆணியில் கடைசியாகத் தொங்கிய கறுப்பு வில்லை எடுத்தேன். ஏன் என்றால் கறுப்பாக, முரடாக இருந்தது. புதிதாக வருகிற எல்லாப் பையன்களும் இந்தத் தப்பைத்தான் செய்வார்களாம், கனமான வில்லை எடுத்தால் ஆள் பெரியவன் என்று நினைப்பு. அது நாற்பத்தைந்து பவுண்டு. அதை யார் செய்தது, எப்படி அங்கே வந்தது, எதனால் அப்படி ஆனது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிற ஆட்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை சத்தம் நின்றபோது ஊரில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் விழித்து அழுதன, தறிச்சத்தம்தான் அவற்றுக்குத் தாலாட்டு. பெண்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்கள், தறிக்காரர்கள் தலையில் பஞ்சோடு தெருவுக்கு வந்தார்கள், வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "செத்துட்டமா?" என்று கேட்டார்கள், கேட்டது கேட்டது, கேட்டவருக்கும் கேட்டது, எதிரே நின்றவருக்கும் கேட்டது. காதுக்குள் ஓடிய தறியும் சேர்ந்து நின்றிருந்தது. போன காதுகள் எல்லாம், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, திரும்ப வந்திருந்தன. வயதான தறிக்காரர்கள் நடுத்தெருவில் உட்கார்ந்து இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார்கள், உள்ளே வந்தது வெளியே போய்விடக்கூடாது என்பதுபோல.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடும். அதற்கு 'நிப்பாட்டு' என்று பெயர் வைத்தார்கள். "இன்னைக்கு நிப்பாட்டு எப்பொங்?" என்று என்னை வழியில் மறித்துக் கேட்டார்கள். ஷிப்டு மாறுகிற நேரத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று முடிவானது, பள்ளிவாசல்காரர்களும் கோவில்காரர்களும் வந்து பாங்குக்கும் மணிக்கும் இடைஞ்சல் இல்லாமல் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக்கொடுத்தார்கள், கிராம சுகாதார நர்ஸ் செண்பகம் கர்ப்பிணிப் பெண்களை எல்லாம் ஆட்டோவில் ஏற்றி வேலியோரம் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்தார், நான் நாணை இழுத்ததும் அவர்களுடைய புருஷன்மார் ஒவ்வொருவராக மண்டியிட்டுப் பெண்டாட்டி வயிற்றில் காதை வைத்துப் பார்த்தார்கள், வைத்தவன் எழுந்து நிற்க மாட்டான், அடுத்தவன் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். டீக்கடைக்காரர் தன் ரேடியோ இத்தனை வருடமாக எந்த நிலையத்திலும் நிற்காமல் வெறும் கரகரப்பை மட்டுமே பாடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்.

சண்டைகளும் வந்தன. தறிச்சத்தத்தை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மாமியார் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே திட்டுகிற மருமகள்கள், முதலாளிக்குப் பின்னால் நடந்துகொண்டே அவர் பரம்பரையை இழுக்கிற தறிக்காரர்கள், எல்லோரும் பாதி வார்த்தையில் மாட்டிக்கொண்டார்கள். என் அம்மா மட்டும் கவலைப்படவில்லை. "உங்கப்பனுக்குக் காது கேக்காததுனாலதான் இந்தக் குடும்பமே ஓடுச்சு," என்றாள். அடுத்த நிப்பாட்டில் அதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாள். அவர் சிரித்தார். அவர் சிரிப்புக்குச் சத்தம் உண்டென்பதை அவரே மறந்திருந்தார், யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

குழந்தைவேலு முதலாளிக்குத்தான் பிடிக்கவில்லை. தறி ஓட்டுகிறவன் நூல் அறுந்ததைக் கண்ணால் பார்ப்பதில்லை, போன காதிலும் தறிச்சத்தம் மாறுவது உடம்பு வழியாக ஏறிவிடும். நிப்பாட்டு நேரத்தில் அது தெரியாமல் துணி முழுக்கப் பழுது விழுந்தது. "ஏப்பா தரணி," என்று அவரே மைதானத்துக்கு வந்தார். "ஊரே உன்னக் கும்புடுது, செரி. என்ற துணியப் பாரு, கொசுவலையாட்ட இருக்குது."

"கொசுவலைன்னே வித்துருங்," என்றேன்.

"வாய் மட்டும் நூறு பவுண்டு," என்றார் ஜெசிந்தா அக்காவிடம்.

இதெல்லாம் ஊர்க் கதை. என் கதை ஒன்றுதான். நாண் கன்னத்தில் இருக்கும்போது வாயைத் திறக்க முடியாது. தாடை அசைந்தால் நாண் நகரும், நாண் நகர்ந்தால் பிடி போகும், பிடி போனால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அக்கா கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஆக, ஊரில் எல்லோரும் எல்லோருடைய குரலையும் கேட்டார்கள். என் குரலை மட்டும் யாரும் கேட்கவில்லை. யார் கேட்காவிட்டாலும் எனக்கென்ன? ஆனால் அப்பா தினமும் ஷிப்டு முடிந்த கையோடு வந்து, எனக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருப்பார்.

அவருக்குக் காது போனபோது நான் சின்னப் பையன். குரல் உடைந்த பிறகு நான் பேசி அவர் கேட்டதே இல்லை.

"காக்கா கேக்குது," என்பார் நிப்பாட்டில், ரொம்ப மெதுவாக. வீட்டில் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன் அப்போது பூவை எடுத்து வைப்பது மாதிரிப் பேசுவார். "ஆறு கேக்குது. உங்கம்மா கேக்குது. பாலத்து மேல லாரி போறது கேக்குது. உன்ற கொரலுதான் கண்ணு, கீச்சுன்னு குருவிக்குஞ்சாட்டம் ஞாபகத்துல இருக்குது. இப்ப எப்பிடி இருக்கும்?"

நான் நாணைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்ப்பேன். விட்டதும் சொல்வேன், அப்போது தறி வந்துவிட்டிருக்கும். போனில் பேசிப் பதிவு செய்து, அடுத்த நிப்பாட்டில் அம்மாவை விட்டுப் போட்டுக் காட்டச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இது செய்தி வாசிக்கிறவனாட்ட இருக்குது, இவன் கொரலில்ல," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்குள் என் தோள் வீங்கியிருந்தது. இருபது பவுண்டு வில்லில் நான் மஞ்சள் வட்டத்துக்குள் அடிப்பேன், பொய்யில்லை, அக்காவே அசந்துபோனாள். கறுப்பு வில்லில் சுவரைக்கூடச் சரியாக அடிக்க மாட்டேன். அதுவும் போக, கறுப்பு வில்லின் நடுக்கம் மூங்கில் வில்லுக்கும் தொற்ற ஆரம்பித்தது. நாமக்கல்லில் மாவட்டத் தேர்வு வந்தது. அக்கா என் அப்பாவை உட்கார வைத்து, அவர் வீட்டுக் கைபாஷையிலேயே, தோளைத் தொட்டு, உடைவது மாதிரி இரண்டு கையால் காட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள். "நாளைக்கு நூல் கட்டற. மூங்கில் வில்லுக்கு. கறுப்ப நான் பூட்டி வெச்சுருவேன்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"இதென்ன ஊரோட தோளா? ஊருக்கு வேணும்னா ஊரு இழுத்துக்கட்டும்."

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலை ஊர் வேலியோரம் வந்து நின்றது. கடைசி நிப்பாட்டு என்று சேதி போயிருந்தது. செண்பகம் நர்ஸ் வந்திருந்தார், குழந்தைவேலு முதலாளி வந்திருந்தார், ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதில்லை என்று சத்தியம் செய்த மாமியார் மருமகள்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், எல்லோரும் கல்யாணத்துக்கு வந்ததுபோல் தலை வாரியிருந்தார்கள். ஒரேயொரு தடவை இழுத்துவிட்டு வைத்துவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். அப்பா தறியிலிருந்து பச்சை நூல் கொண்டுவந்திருந்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைக் கையால் பொத்திக்கொண்டு.

அம்பைப் பூட்டினேன். முதுகால் இழுத்தேன், தோளால் அல்ல, சொல்லிக்கொடுத்தபடியே. நாண் கன்னத்துக்கு வந்தது.

நின்றது.

எத்தனை தடவை நின்றாலும் அது முதல் தடவை மாதிரிதான் இருக்கும். உச்சந்தலையில் யாரோ வைத்திருந்த பாரத்தை இறக்கின மாதிரி, நாம் இவ்வளவு நாள் குனிந்தே நடந்தோம் என்பது அப்போதுதான் தெரிகிற மாதிரி. ஆறு வந்தது. பாலத்துக்கு அடியில் அது தூண்களில் மோதித் திரும்புவதும், மணல் திட்டைச் சுற்றிப்போவதும், பெரிய சத்தத்துக்குள் சின்னச் சத்தமாக ஒரு மீன் துள்ளி விழுவதும் கேட்டன. வேலியோரம் நின்ற அத்தனை பேரும் மூச்சுவிடுவது கேட்டது. அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேசத்தான் வந்திருந்தார்கள், ஆனால் பேசவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

அப்பா மட்டும் அசைந்தார். நேரே பெஞ்சுக்குப் போனார். அங்கே கிடந்த மூங்கில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியில் பச்சை நூலைச் சுற்ற ஆரம்பித்தார். என் கடைக்கண்ணில் தெரிந்தது. அறுந்த நூலை முடிச்சே தெரியாமல் ஒட்டுகிற விரல்கள், அவசரமே இல்லாமல், ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று. நூல் மூங்கிலில் உரசுவதும் கேட்டது. தலையைச் சாய்த்து அவர் அதையும் கேட்டுக்கொண்டே சுற்றினார். மனுஷன் தன் காதைத் தானே மூடிக் கட்டுவது மாதிரி இருந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா."

நாண் கன்னத்தில் வழுக்கித் தோலைக் கிழித்தது. இடது கை ஆடியது. பிடித்துக்கொண்டேன். அப்பா சுற்றுவதை நிறுத்தினார். தலையைத் தூக்கி வேலியோரம் நின்ற ஆண்களை எல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், யார் கூப்பிட்டது என்று. பிறகு என்னைப் பார்த்தார்.

"தரணி, வாய மூடு," என்றாள் அக்கா. "பிடி போயிரும். அம்ப விடு."

"அந்த நூல அவுருங்கப்பா," என்றேன்.

அப்பா எழுந்து வந்தார். வில் மடியிலிருந்து விழுந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. என் பக்கத்தில், அம்பு போகிற பாதைக்கு விலகி, காது என் வாயைத் தொடுகிற தூரத்தில் நின்றார்.

"இன்னொருக்கா சொல்லு."

"அவுருங்கப்பா."

"எங்கய்யனாட்டவே இருக்குது," என்றார். என் தாத்தாவைச் சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை. "அதே கொரலு. அடித்தொண்டையில கல்லு உருள்றாப்ல. இது எப்பொ வந்துச்சு உனக்கு? எத்தன நாளா இந்தக் கொரலுல என்னக் கூப்புட்டுட்டு இருக்கற?"

கன்னத்து ரத்தம் உதட்டுக்கு வந்திருந்தது. தோளுக்குள் ஏதோ ஒன்று, ஈரத் துணியைப் பிழிவது மாதிரி, மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தது. அக்கா "போதும், விடு" என்றாள். குழந்தைவேலு முதலாளி, பாவம், அவரும்தான், "விட்றா சாமி, பாக்கவே முடியல" என்றார். செண்பகம் நர்ஸ் விடு என்றார். வேலியோரம் நின்ற ஊர் முழுக்க, இந்த அமைதிக்காகவே தலை வாரிக்கொண்டு வந்த ஊர், சின்னச் சின்னக் குரலில் விடு, விடு என்றது. அத்தனை குரலுக்கும் அடியில் ஆறு போய்க்கொண்டே இருந்தது.

அப்பா என் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். தாங்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான். அவர் மூச்சு என் காதில் பட்டது.

"கேட்டுட்டேன் கண்ணு," என்றார். "போதும் எனக்கு. கை நடுங்குது பாரு. விட்டுரு."

நான் விடவில்லை.